மாத்திரையும் வேண்டும், துவாவும் வேண்டும்!

ஏர்வாடி தீயில் கருகிய 28 உயிர்கள் சொல்லும் பாடம்

நெல்லை:-

வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதா? தர்காவுக்குக் கொண்டு போவதா?

மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை என்று தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஊர்களில் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. டாக்டரிடம் போனால் தொழுகையை விடச் சொல்வாரோ, பர்தாவைக் கழற்றச் சொல்வாரோ என்று ஒரு பயம். தர்கா ஊரில் கொண்டு போய் விட்டால் பிள்ளையைச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிடுவார்களோ என்று இன்னொரு பயம்.

இரண்டு பயத்துக்கும் நடுவில் நோய் முற்றிவிடுகிறது.

ஆனால், இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மார்க்கத்தை விடாமலே மனநோய்க்கு வைத்தியம் பார்த்துக் கொள்ளலாம். அப்படிக் கேட்பதற்குச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது. 28 பேர் உயிரைக் கொடுத்த பிறகுதான் நாடு இந்த வழியைத் தேட ஆரம்பித்தது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

சங்கிலியோடு கருகினார்கள்

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி. விடிந்தும் விடியாத நேரம்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகத்தில் தீ பிடித்தது. (நாங்குநேரி பக்கத்தில் உள்ள நம்ம ஏர்வாடி வேறு. இது தூத்துக்குடி, சாயல்குடி வழியாகப் போகும் கடற்கரை ஏர்வாடி.) காப்பகம் இருந்தது ஓலைக் கொட்டகையில். உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். தீயைப் பார்த்தும் அவர்களால் ஓட முடியவில்லை. கத்தத்தான் முடிந்தது.

மொத்தம் 28 பேர் பலியானார்கள்.

ஏர்வாடியில் அடங்கியிருப்பவர் சுல்தான் செய்யது இபுராகிம் சகீது பாதுஷா. அவருடைய தர்காவில் தங்கினால் மனநோய் தீரும் என்பது பல காலமாக உள்ள நம்பிக்கை. முஸ்லிம்கள் மட்டும் அல்ல, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கே நோயாளிகளைக் கொண்டு போகிறார்கள். கனவில் பாதுஷாவின் உத்தரவு கிடைத்தால்தான் ஊர் திரும்புவது என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

அப்படி வந்தவர்களை வைத்துப் பணம் பார்க்கத்தான் தர்காவைச் சுற்றிக் காப்பகங்கள் முளைத்தன. தீ பிடித்ததும் அவற்றில் ஒன்றுதான். தர்காவில் தீ பிடிக்கவில்லை. நம்பிக்கையை வியாபாரமாக்கிய கொட்டகையில் பிடித்தது. சொந்தக்காரர்கள் மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். நோயாளிக்குக் கிடைத்தது சங்கிலி.

சம்பவத்துக்குப் பிறகு காப்பகங்களை அரசு மூடியது. நூற்றுக்கணக்கான நோயாளிகள் மீட்கப்பட்டார்கள். விசாரணைக் கமிஷன் போடப்பட்டது. தீ பிடித்த காப்பகத்தை நடத்தியவருக்கு 2007-ம் ஆண்டில் கோர்ட்டு ஜெயில் தண்டனை விதித்தது.

சுப்ரீம் கோர்ட்டு

பத்திரிகைச் செய்திகளைப் பார்த்துச் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இந்த வழக்கை எடுத்துக் கொண்டது. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவது சட்ட விரோதம், அவர்களை டாக்டரிடம்தான் அனுப்ப வேண்டும், கோவிலுக்கோ தர்காவுக்கோ அனுப்பக் கூடாது என்று ஜனங்களிடம் எடுத்துச் சொல்லுங்கள் என 2002-ம் ஆண்டு மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவு போட்டது.

உத்தரவு வந்தது. ஆனால் ஜனங்கள் தர்காவுக்குப் போவது நிற்கவில்லை. சங்கிலியும் முழுசாக ஒழியவில்லை. உத்தரபிரதேச மாநிலம் பதாயூன் பகுதியில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருப்பதாக ஒரு புகார் வந்தது. அதை 2019-ம் ஆண்டு விசாரித்த சுப்ரீம் கோர்ட்டு, சங்கிலி போடுவது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது.

ஏன் போகிறார்கள்?

படிக்காதவர்கள்தான் போகிறார்கள் என்று நினைத்தால் தப்பு. படித்தவர்களும் போகிறார்கள். காரணம் கேட்டால் ஊருக்குள் காதில் விழுகிற பேச்சு இதுதான்:

"கிறுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாம்னு ஊருக்குள்ள பேரு வந்துட்டா, நாளைக்கு இவன் தங்கச்சிய யாரு கெட்டிக்கிடுவா?"

"மாத்திரையப் போட்டா பிள்ள தூங்கிக்கிட்டே கெடக்கான். அது வைத்தியமா?"

"நாம சொல்றது டாக்டருக்குப் புரியாது. அவரு சொல்றது நமக்குப் புரியாது."

தர்காவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. "ஜின் பிடிச்சிருக்கு", "செய்வினை வச்சிருக்காங்க" என்று சொல்வார்கள். பழி நோயாளி மேல் விழுவதில்லை, குடும்பத்தின் மேலும் விழுவதில்லை. வருகிறவர்களை யாரும் விரட்டுவதும் இல்லை.

இதில் பலன் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் உள்ள ஒரு முத்துசாமி கோவிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை டாக்டர்கள் பரிசோதித்து, 2002-ம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக 6 வாரம் தங்கியதிலேயே நோயின் கடுமை சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. மிரட்டல் இல்லாத இடம், கூட இருக்கும் உறவு, மனசுக்கு நிம்மதி. இதுவே ஒரு மருந்துதான்.

ஆனால் மீதி 80 சதவீதம்? அதற்கு டாக்டர் வேண்டும்.

நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநோய் இருக்கிறது என்று 2015-16-ல் பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரி நடத்திய தேசிய ஆய்வு சொல்கிறது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் சேர்ந்ததுதான். பெரும்பாலான நோய்களில், 10 பேருக்கு நோய் இருந்தால் அதில் 7 பேருக்கு மேல் வைத்தியமே பார்க்கவில்லை என்றும் அது கண்டுபிடித்தது.

தவா - துவா

"போகாதே" என்று சொல்வதால் பலன் இல்லை. போகிற இடத்துக்கே டாக்டரை அனுப்பினால் என்ன?

குஜராத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். மேசானா மாவட்டம் உனாவா என்ற ஊரில் மீரா தாதார் தர்கா இருக்கிறது. பேய் பிடித்தவர்கள் என்று நோயாளிகளைக் கூட்டமாகக் கொண்டு வரும் இடம். 2008-ம் ஆண்டு ஒரு தொண்டு நிறுவனமும் குஜராத் அரசும் சேர்ந்து அங்கே மனநல டாக்டர்களை உட்கார வைத்தார்கள். திட்டத்தின் பெயர் "தவா - துவா". தவா என்றால் மருந்து. துவா என்றால் பிரார்த்தனை.

தர்காவில் துவா செய்யும் முஜாவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நோயாளி வந்தால் முஜாவர் துவா செய்வார். பிறகு, "அடுத்தாப்பில டாக்டர் இருக்கார், அவரையும் பார்த்துட்டுப் போங்க" என்பார். டாக்டர் சொன்னால் கேட்காதவர்கள் முஜாவர் சொன்னால் கேட்டார்கள்.

இதே முறையில் ஏர்வாடி தர்காவிலும் தமிழக அரசு தவா - துவா திட்டத்தைக் கொண்டு வந்தது. தர்காவுக்கு வருகிறவர்களை மனநல டாக்டர்கள் அங்கேயே பார்த்து மருந்து கொடுக்க ஏற்பாடு ஆனது. எந்த ஊரில் சங்கிலியோடு கருகினார்களோ, அதே ஊரில் துவாவும் மாத்திரையும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்க வழி பிறந்தது.

மார்க்கம் தடுக்கிறதா?

மருந்து சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. நோய்க்கு வைத்தியம் தேடும்படி நபிகள் நாயகம் சொல்லியிருக்கிறார்கள் என்பது மதரசாவில் ஓதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லா மேல் பொறுப்பைப் போடு என்பதும் தெரிந்த விசயம்.

சரித்திரமும் அப்படித்தான். உடம்புக்கு நோய் வருவது போல மனசுக்கும் நோய் வரும், அதற்கும் வைத்தியம் உண்டு என்று 1,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார் அபு ஜைது அல் பல்கி. இவர் 934-ம் ஆண்டு காலமானவர். கெய்ரோ நகரில் 1284-ம் ஆண்டு சுல்தான் கலாவூன் கட்டிய ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளுக்கு என்று தனிப்பகுதி இருந்தது.

ஆகவே, மனநல டாக்டரிடம் போகும் முஸ்லிம் புதுசாக எதையும் செய்துவிடவில்லை.

திரும்பத் திரும்ப ஒளு

நல்ல டாக்டரும் விவரம் தெரிந்த ஆலிமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு "வஸ்வாஸ்" ஒரு உதாரணம்.

ஒருவர் தொழுகைக்கு ஒளு செய்கிறார். முடித்ததும் "சரியாச் செஞ்சமா? முறிஞ்சிருச்சோ?" என்று சந்தேகம். மறுபடியும் செய்கிறார். மறுபடியும் சந்தேகம். ஹவுளுக்கும் தொழும் இடத்துக்குமாக நடந்தே ஜமாத்து முடிந்துவிடுகிறது. கை தோல் உரிந்துவிடுகிறது.

பார்க்கிறவர்களுக்கு இது ரொம்பப் பேணுதலாகத் தெரியும். ஆனால் டாக்டர்கள் இதை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். மாத்திரையும் உண்டு, பேச்சு வைத்தியமும் உண்டு. சந்தேகம் வந்தாலும் மறுபடியும் கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவதுதான் அந்த வைத்தியம்.

இங்கேதான் சிக்கல். "தொழுகையைக் கொஞ்ச நாள் விட்டுடுங்க" என்று ஒரு டாக்டர் சொன்னால் நோயாளி அடுத்த வாரம் வரமாட்டார். விசயம் தெரிந்த டாக்டர் அப்படிச் சொல்லமாட்டார். "உங்க மார்க்கத்துல எத்தனை தடவை கழுவச் சொல்லியிருக்கு?" என்று கேட்பார்.

பதில் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை கழுவுவது கடமை. மூன்று தடவை சுன்னத்து. அதற்கு மேல் போவது விரும்பத்தக்கது அல்ல. இதை ஆலிம்சா வாயால் ஒரு தடவை சொல்ல வைத்து, மூன்றோடு நிறுத்தப் பழக்கினால் வைத்தியமும் நடக்கும், தொழுகையும் நிற்காது. மார்க்கச் சட்டமே மருந்தாகிவிடுகிறது.

நோன்பும் மாத்திரையும்

ரமலான் மாதம் வந்தால் இன்னொரு ஆபத்து. ஊரே நோன்பு பிடிக்கும்போது தான் மட்டும் சாப்பிடுவதா என்று வெட்கப்பட்டு, டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. பெருநாளைக்குள் நோய் திரும்பிவிடும்.

லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் ரொம்ப எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காவிட்டால் ரத்தத்தில் லித்தியம் அளவு கூடி விசமாகலாம். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நோயாளி நோன்பை விடலாம் என்று மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. குணமானதும் களாச் செய்யலாம். தீராத நோய் என்றால் ஏழைக்கு உணவு கொடுக்கலாம். சிலருக்கு நோன்பு திறக்கும் நேரத்துக்கும் சஹர் நேரத்துக்கும் மாத்திரையை மாற்றி எழுத முடியும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ரமலானுக்கு ஒரு மாதம் முன்னாலேயே போய்க் கேட்பது நல்லது.

சில கேப்சூல்களின் உறை மிருக எலும்புப் பசையில் செய்தது. சில டானிக்குகளில் ஆல்கஹால் உண்டு. மனசு ஒப்பவில்லை என்றால் மாத்திரையாக எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமல் மருந்தைத் தூக்கி எறிவதுதான் ஆபத்து.

சொல்ல முடியாத எண்ணம்

இன்னொன்று இருக்கிறது. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்.

தற்கொலை ஹராம் என்பதால் இந்த எண்ணம் வந்தவர்கள் உம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. "இப்படி நினைச்சதே பாவம்" என்று உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். அப்படி மறைப்பதுதான் உயிருக்கு ஆபத்து.

எண்ணம் வருவது நோயின் அடையாளம். காய்ச்சலில் உடம்பு கொதிப்பது போலத்தான். மனசில் வந்து போகும் எண்ணத்துக்குக் குற்றம் இல்லை என்றும், புத்தி பேதலித்தவரிடம் கணக்குக் கேட்கப்படாது என்றும் மார்க்கம் சொல்கிறது. 2017-ம் ஆண்டு சட்டமும், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது.

வீட்டில் யாராவது இப்படிப் பேசினால் திட்டாதீர்கள். தனியே விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநல பராமரிப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018-ம் ஆண்டு மே 29-ந்தேதி அமலுக்கு வந்தது. அதில் உள்ள சில உரிமைகள் வருமாறு:-

* மதம், சாதி, பண்பாடு எதைக் காட்டியும் பாகுபாடு செய்யக் கூடாது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஏற்புடைய விதத்தில் வைத்தியம் இருக்க வேண்டும்.

* நோயாளி விரும்பினால் சொந்த உடையை உடுத்தலாம். சீருடை உடுத்தக் கட்டாயப்படுத்தக் கூடாது. உடம்பை மறைக்கச் சரியான உடை கொடுக்க வேண்டும். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது.

* நோய் விவரத்தை ஆஸ்பத்திரி ரகசியமாக வைத்திருக்க வேண்டும். தங்கச்சி கல்யாணம் நின்றுவிடுமே என்று பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

* தனக்கு என்ன வைத்தியம் வேண்டும், என்ன வேண்டாம் என்று நோயாளி நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம்.

* யாரையும், எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது.

பெண்கள் பெண் டாக்டரை அல்லது பெண் ஆலோசகரைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் நர்சையோ வீட்டு ஆளையோ உடன் வைத்துக் கொண்டு பேசலாம். ஆனால் கொஞ்ச நேரமாவது தனியாகப் பேச விட வேண்டும். வீட்டுக்குள்ளேயே அடி, உதை இருந்தால் மாமியார் முன்னால் எப்படிச் சொல்வார்?

நெல்லையில் எங்கே போவது?

பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1965-ல் ஆரம்பித்த கல்லூரி இது. காய்ச்சலுக்குப் போவது போலவே போய்ச் சீட்டு எடுக்கலாம். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. ஊர்ப்பக்கம் உள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் விசாரித்தால் மனநல டாக்டர் என்றைக்கு வருவார் என்று சொல்வார்கள்.

வெளியே போக வழியில்லாதவர்கள் 14416 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி தொடங்கிய "டெலி மானஸ்" சேவை இது. தமிழில் பேசுவார்கள். இத்தா இருக்கும் பெண்களுக்கும், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கும் இது தோதானது.

தனியாரிடம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாத்திரை எழுதுகிறவர் மனநலம் படித்த டாக்டரா என்று பாருங்கள். பேச்சு வைத்தியம் செய்யும் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பு இல்லை.

முதல் நாளே நாலு விசயத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஐந்து நேரம் தொழுகிறவர். ரமலானில் நோன்பு பிடிப்பவர். இன்ன இடத்தில் ஓதிப் பார்த்தோம். நாட்டு மருந்து, யுனானி மருந்து இன்னது சாப்பிடுகிறார். இதைக் கேட்டுக் கேலி செய்கிற டாக்டர் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். வைத்தியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஓதுகிறவர்களுக்கு

ஓதிப் பார்க்கும் ஹஜ்ரத்மார்களுக்கும் இதில் பங்கு உண்டு. பல வீடுகளில் முதலில் போவது அவர்களிடம்தான்.

பல நாளாகத் தூக்கம் இல்லை, யாருமே பேசாதபோது காதில் குரல் கேட்கிறது என்கிறார், சாப்பாட்டில் விசம் வைத்திருப்பதாகச் சொல்கிறார், பிள்ளை பெற்ற வீட்டில் தாய் குழந்தையைத் தொட மாட்டேன் என்கிறார், வலிப்பு வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும், ஓதி முடித்ததும் "நாளைக்கே ஐகிரவுண்டுக்குக் கொண்டு போங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு உயிர் பிழைக்கும்.

ஜின்னை விரட்டுகிறேன் என்று அடிப்பவர்கள், சூடு வைப்பவர்கள், மிளகாய்ப் புகை போடுகிறவர்கள், பட்டினி போடுகிறவர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அது வைத்தியமும் இல்லை, மார்க்கமும் இல்லை.

மனநோயாளிகளைத் தங்க வைக்கும் காப்பகம் எதுவானாலும் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். எங்காவது நோயாளியைக் கட்டி வைத்திருப்பதோ, கொடுமை செய்வதோ தெரிந்தால் யார் வேண்டுமானாலும் போலீசில் சொல்லலாம். போலீசார் அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறுகிறவர்களுக்கு முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். மறுபடியும் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயிலுக்குப் போக நேரிடும் என்பது குறிப்பிடத்தக்கது.